இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு புள்ளி போதாது

"இரட்டைப் பிணைப்பு என்றால் நடுவில் இரண்டு புள்ளி." அணுக்களின் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வரையும் லூயிஸ் படம் பற்றி கிருஷ்ணகிரி மாணவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் குறிப்பு தவறு. ஒரு புள்ளி என்றால் ஒரு எலக்ட்ரான். இரண்டு புள்ளி ஒற்றைப் பிணைப்புக்குத்தான். இரட்டைக்கு நான்கு, அதாவது இரண்டு ஜோடி.

நம்மூர் மாங்காயைப் பழுக்கவைக்கும் எத்திலீனையே எடுங்கள். இரண்டு கார்பனுக்கு 8, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, மொத்தம் 12 இணைதிறன் எலக்ட்ரான்கள் (அணுவின் வெளிக்கூட்டில் இருப்பவை). நான்கு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு 8 போய்விடும். மீதி நான்கும் கார்பன்களுக்கு நடுவே. அங்கே இரண்டை மட்டும் வைத்தால் ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் 6 தான், அதற்கு வேண்டிய எட்டு எலக்ட்ரான் நிறையாது. (கார்பைடு கல்லில் இருந்து வருவது அசிட்டிலீன், அதில் கார்பன்களுக்கு நடுவே முப்பிணைப்பு, அதற்கு ஆறு புள்ளி.)

கார்பன் டை ஆக்சைடில் வேறொரு சறுக்கல்: பிணைப்புகளைச் சரியாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஆக்சிஜனிலும் பிணைப்பில் சேராத நான்கு புள்ளிகளை விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 16 வர வேண்டும், எண்ணிப் பாருங்கள்.