போகிமானைத் தனியாக முடிக்க விடாதீர்கள்

விதவிதமான உயிர்களைப் பிடித்து வளர்க்கும் வீடியோ கேமான போகிமான் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் பிடிப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை பிடித்தாய், எது அரிது, எங்கே கிடைக்கும் என்று. என்னைக் கேட்டால் அந்த விளையாட்டின் உயிர், பிடித்ததை இன்னொருவரோடு கைமாற்றுவதில்தான் இருக்கிறது. இப்போது அதில்தான் கை வைக்கிறார்கள்.

இதை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் இரண்டை இணைக்கும் கேபிளைப் பார்த்ததும், ஒரு பூச்சி அதன் வழியே ஊர்ந்து அடுத்த பக்கம் போவதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது. பெரும்பாலும் மோதி விளையாடுவதற்கே பயன்பட்ட கேபிள் அது. அதைக் கொடுத்து வாங்கும் வழியாகப் பார்த்ததில்தான் எல்லாமே தொடங்கியது.

1996-ல் ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள் வந்தன. எகான்ஸ் என்ற போகிமான் சிவப்பில் மட்டும், சான்ட்ஷ்ரூ பச்சையில் மட்டும். சரி, இரண்டு பேர் சேர்ந்தால் போதுமே என்று தோன்றும். போதாது! தொடக்கத்தில் மூன்று போகிமான்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஈவீ ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும், ஆனால் அது மூன்று விதமாக மாறக்கூடியது. ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்காமல் எல்லாப் போகிமான்களின் பட்டியலையும் நிரப்ப மூன்றாவது ஆள் தேவை. கடாப்ரா, ஹான்டர் போன்றவையோ கைமாறினால்தான் அடுத்த வடிவம் எடுக்கும். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் சொந்தக்காரன் கையில் இருக்கும்வரை ஹான்டர் ஹான்டராகவேதான் இருக்கும். ஒரு விளையாட்டு இப்படியொரு விதி வைத்ததை நினைத்து இன்றைக்கும் வியக்கிறேன்.

அப்புறம் வாங்கியதை அது நடத்தும் விதம். முதலில் பிடித்தவர் பெயர் அதன் மேல் அப்படியே இருக்கும். அவர் வைத்த செல்லப்பெயரை நீங்கள் மாற்ற முடியாது. அனுபவப் புள்ளிகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஏறும். ஆனால் ஆட்டத்தில் வென்று பெற வேண்டிய உரிய பேட்ஜ் இல்லையென்றால், லெவல் உயர்ந்தது உங்கள் பேச்சைக் கேட்காது. அடுத்தவர் வளர்த்த உயிருக்கு இவ்வளவு மரியாதை!

2006-ல் டைமண்ட், பேர்ல் என்ற பதிப்புகள் வந்தபோது இணையம் வழியாக உலகம் முழுக்கக் கைமாற்ற முடிந்தது. அருகில் ஆள் இல்லாதவர்களுக்கு அது பெரிய கதவு, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண ஒன்றைப் போட்டுவிட்டுக் கிடைக்கவே கிடைக்காத ஒன்றைக் கேட்பவர்களும் அங்கே குவிந்தார்கள். முகம் பார்த்துப் பேசும்போது அப்படிக் கேட்க வாய் வராது. தவிர, சர்வர் என்பது ஒருநாள் மூடப்படும். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸின் ஆன்லைன் சேவை 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது. பக்கத்தில் இன்னொருவர் அதே கருவியோடு உட்கார்ந்தால் இன்றும் கைமாற்றலாம்.

2022-ல் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் பதிப்பில் லிங்கிங் கார்ட் (Linking Cord) என்ற பொருளைப் பயன்படுத்தினால் போதும், கைமாறாமலே ஹான்டர் அடுத்த வடிவமான கெங்கராகிவிடுகிறது. தனியாக விளையாடுபவர்களுக்கு இது நியாயமான உதவி என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் பட்ட சிரமம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தப் பொருளைக் கதை முழுவதும் முடிந்த பிறகு கொடுங்கள். அதுவரை விளையாடுபவர் ஒரு ஆளைத் தேடட்டும், தன்னிடம் இருப்பதைச் சொல்லட்டும், பேரம் பேசட்டும். புதிதாக வரும் ஒவ்வொரு பதிப்பிலும், வேறொருவர் கை படாமல் மாறவே மாறாத ஒன்றிரண்டையாவது விட்டுவையுங்கள்.