சிங்கப்பூரில் டெங்கி இல்லையா?

விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்கிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: ‘சிங்கப்பூர் சுத்தமான ஊர், டெங்கி கிடையாது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் போதும்.’

இரண்டுமே தவறு. 2020இல் மட்டும் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கிய தெளிந்த தண்ணீரே தாராளம். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான் (இரவில் மட்டும் கொசுவத்தி ஏற்றும் சித்தப்பாக்கள் கவனிக்க).

ஆஸ்பிரின்தான் உண்மையில் ஆபத்து. டெங்கியில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும்போது அது ரத்தக்கசிவைக் கூட்டும். இபுபுரோஃபென் என்ற வலி மாத்திரையும் அப்படியே. பாரசிட்டமால், அதாவது நம் பனடால், அளவோடு போடலாம்.

அப்புறம், காய்ச்சல் இறங்கியதும் ஊர்சுற்றக் கிளம்பிவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். வெறும் காய்ச்சலென்றால் புளோக்கின் கீழே உள்ள கிளினிக்குக்குப் போகலாம். மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.