.38 எனப் பொறித்திருந்தால் எந்த .38 தோட்டாவும் பொருந்துமா?

பழைய குட்டி ரிவால்வர் சேகரிப்பவர்களிடையே சுற்றும் தகவல்: “.38 என்று பொறித்திருந்தால் எந்த .38 தோட்டாவும் போடலாம்.” தவறு.

.38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன் என்பதன் சுருக்கம்), .38 ஸ்பெஷல் இரண்டும் வெவ்வேறு தோட்டாக்கள். முன்னதன் கூடு (வெடிமருந்து இருக்கும் உலோக உறை) சுமார் 19.7 மி.மீ. நீளம், 9.8 மி.மீ. தடிமன். ஸ்பெஷலின் கூடு 29.3 மி.மீ. நீளம், ஆனால் ஒல்லி, 9.6 மி.மீ.தான்.

குழப்பம் பொறிப்பிலேயே இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் 1936 டெரியர் ரிவால்வர் எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானது. 1950இல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் ரிவால்வர், .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கானது. இரண்டின் குழலிலும் ‘38 எஸ் & டபிள்யூ’ இருக்கும், ‘ஸ்பெஷல்’ என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். கோல்ட் நிறுவன ரிவால்வர்களிலும் இதே குழப்பம்: பேங்கர்ஸ் ஸ்பெஷல் எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானது, டிடெக்டிவ் ஸ்பெஷல் .38 ஸ்பெஷலுக்கானது. முன்னதன் உருளை (தோட்டாக்கள் நிற்கும் சுழலும் பகுதி) குட்டை. அதன் பெயரிலுள்ள ‘ஸ்பெஷல்’ தோட்டாவைக் குறிப்பதல்ல!

“ஸ்பெஷல் உள்ளே போகிறதே” என்பதும் சான்றாகாது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்குப் போன, எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கான ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி மாடல் ரிவால்வர்கள் பல, பின்னாளில் ஸ்பெஷல் நுழையும்படி அறை (உருளையில் தோட்டா நுழையும் துளை) குடையப்பட்டவை. அறையின் பின்பகுதி பழைய அகலத்திலேயே இருப்பதால், சுட்டதும் கூடு அடிப்பக்கம் உப்பும், சில நேரம் பிளக்கும்.

வாங்குமுன் உருளையைத் திறந்து காலி என்று உறுதிசெய்து, குழல் பொறிப்பை முழுதாகப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு அறைக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். அறைவிளிம்பு, அதாவது கூட்டின் முனை நிற்கும் படி, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கூட்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். குடைந்தது தெரிந்தால் சேகரிப்பு மதிப்பும் குறையும்.