தீகா லீமா புக்கும் ஒரு மோட்டார் செயினும்

"நம்மைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாரும்மா, மனசு ஆறிடும்."

வீட்டுக்காரருக்கு வேலை போன வருஷம் இதை எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள்! எங்கள் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் படியில், கல்யாண வீட்டில், வாட்சாப்பில். அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. அடுத்தவர் வேதனையைப் பார்த்து நாம் பரவாயில்லை என்று மூச்சு விடுவதற்கு நன்றி என்று பேர் வைக்க என்னால் முடியாது.

அப்போது பிறையிலிருந்து கடல் தாண்டி, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் பெக்டரிக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய் வருவேன். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம், கடல் காற்று ஆளையே தள்ளும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குள் நுழைந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் முதலில் கண்ணில் படுவார். பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரு வாரத்துக்கு தினமும் இரவு, அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதவேண்டும். அப்படி எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

நம்மில் பலர் அந்த 'ஏன்' என்பதை விட்டுவிடுகிறோம். ஆரோக்கியத்துக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி என்று எழுதினால் நாலு நாளில் சலித்துப்போகும்.

நான் எழுதியது 555 புத்தகத்தில். மலாயில் மூன்று ஐந்து என்று பொருள்படும் தீகா லீமா புக்கு என்போமே, மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தக் குட்டிப் புத்தகம். தோட்டத்தில் இருந்த காலத்தில், சம்பள நாளில் அப்பா கடைக்காரர் முன்னால் நின்று அரிசி, மண்ணெண்ணெய், நெத்திலி என்று ஒவ்வொரு வரியாக அடிக்கச் சொல்வார். நன்றிக்கடன் என்று தமிழில்தானே சொல்கிறோம், அதையும் அதிலேயே எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதல் நாள் எழுதியது கேண்டீன் அக்காவைப் பற்றி. பொரித்த மீனில் ஒரு துண்டை எனக்காகத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார். ஏன்? நான் எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிட வருகிறேன் என்பதைக் கவனித்திருக்கிறார்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, "மோட்டார் வழியில் நிற்கவில்லை, நேரத்துக்கு வேலைக்குப் போனேன்" என்று எழுதினேன். ஏன் என்று எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. செயினுக்கு எண்ணெய் போட்டது யார்? டயருக்குக் காற்று? மழைக்கோட்டை அலசிக் காயவைத்து மடித்து வைத்தது? சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்த அதே மனிதர்தான். அத்தனை மாதத்தில் நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மறுநாள் விடிகாலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளி விளக்கைப் போடாமல், கைபேசி வெளிச்சத்தில், பழைய டூத்பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டால் எங்கள் தூக்கம் கலைந்துவிடுமாம்.

அன்றைக்கு அவருக்கு வேலை கிடைத்துவிடவில்லை, கார் கடனும் தீரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது என் முகம் வேறாக இருந்தது. சின்னவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதை அடுத்தவர் வாயை அடைக்கப் பயன்படுத்தாதீர்கள். சம்பளம் பத்தவில்லை என்பவரிடம் "இருக்கிறதுக்கு நன்றி சொல்லு" என்பது கொடுமை. ஓவர்டைம் காசு பாக்கி என்றால் கேட்டு வாங்கத்தான் வேண்டும். மனம் உடைந்து கிடப்பவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவருக்கு நோட்டுப் புத்தகம் போதாது. நன்றியை அவரவர்தான் தேடி எடுக்கவேண்டும். எனக்கே யாராவது கட்டளையாகச் சொல்லியிருந்தால் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

இப்போது அவருக்கு பட்டர்வொர்த் பக்கம் வேலை. விடியுமுன்பே கிளம்பவேண்டியிருப்பதால் என் மோட்டார் செயினுக்கு ராத்திரியே எண்ணெய் போட்டுவிடுகிறார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிப்பது நான்.