தேவதைப் பட்டமெல்லாம் இருக்கட்டும், முதலில் சாப்பிடு

முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பொண்ணு ஒருத்தி போன் பண்ணினாள். இங்கே மலையிலேயே பி.எஸ்சி. நர்சிங், இரண்டாம் வருஷம். எடுத்ததும் ஒரே அழுகை. "அக்கா, எனக்கு இது வராதுக்கா. பேசாம அம்மாகூட கொழுந்து பறிக்கவே போயிடறேன்."

ட்ரிப்ஸ் போட வெயின் கிடைக்காமல் ஒரு பாட்டியை இரண்டு தடவை குத்திவிட்டாளாம். டியூட்டர் மேடம் எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்துவிட்டாராம். நோயாளியை எப்படிக் கவனிக்கணும் என்று எழுதித் தருகிற கேர் பிளான் இன்னும் இரண்டு பாக்கி, காலையில் ஏழரைக்கு வார்டில் நிற்கணும்.

சேவை, அர்ப்பணிப்பு என்றெல்லாம் நான் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம். போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன்.

நர்ஸ் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. மே 12, நர்ஸ்கள் தினம் வந்தால் கேக் வெட்டி, எங்களைத் தேவதை என்பார்கள். மறுநாள் நைட் டியூட்டியில் வார்டு நிறைய நோயாளிகள், நாங்கள் இரண்டே பேர். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், எங்களுக்கே சிரிப்பு வரும்.

விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும்போது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றி மட்டும்தான் சொல்லித்தருகிறார்கள். 1854இல் கிரிமியப் போருக்குப் போன அந்த அம்மா, காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்று கணக்குப் போட்டுப் படம் வரைந்து காட்டியவர். சாக்கடை சரியில்லை, காற்றோட்டம் இல்லை என்று அரசாங்கத்தை நச்சரித்தவர். பிறகு பல வருஷம் உடம்புக்கு முடியாமல் படுக்கையில் இருந்தபடியேதான் எழுதினார். ஆக, புலம்புவதும் படுத்துவிடுவதும் எங்கள் தொழிலில் ஆதியிலிருந்தே உண்டு.

அவள் திரும்பக் கூப்பிட்டபோது என் கதையைச் சொன்னேன். ஊட்டியில் ஜனவரி மாதம், நான் மாணவி. தோட்டத்து ஆயா ஒருவர். விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாகப் படிந்திருந்தது, கை ஐஸ் மாதிரி. குளிருக்கு வெயின் சுருங்கிக் கண்ணுக்கே தெரியவில்லை. நானும் இரண்டு தடவை தப்பாகத்தான் குத்தினேன். இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். திட்டவில்லை. வெந்நீரில் டவலை நனைத்துப் பிழிந்து, தன் புறங்கையில் சூடு பார்த்துவிட்டு ஆயாவின் கையைச் சுற்றினார். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து, "கண்ணால தேடாத, விரலால தேடு" என்றார். மூன்றாவது தடவை கேனுலாவில், அதான் ட்ரிப்ஸ் ஏற்றுகிற குழாயில், ரத்தம் ஏறியது. என் கண்ணில் தண்ணீர்.

ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் மொத மொத கொழுந்து கிள்ளப் போனப்ப முத்தலும் எளசுமா வாரிப் போட்டேன் புள்ள. கங்காணி கூடையவே கவுத்துட்டாரு."

கத்துகிற டியூட்டர்கள் 'நாங்களும் இப்படித் திட்டு வாங்கித்தான் படித்தோம்' என்பார்கள். அது பழி தீர்ப்பது, பாடம் அல்ல. திட்டு வாங்கிய கை அடுத்த தடவை இன்னும் அதிகமாகத்தான் நடுங்கும். அந்தச் சிஸ்டருக்கு ஐந்து நிமிஷமும் ஒரு டவலும் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னேன். லைன் வீட்டுப் பேச்சு பேசுகிறோமே என்று அவளுக்கு உள்ளூர ஒரு கூச்சம். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆதிவாசிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றாலே மிரளுகிற, பணியர் என்ற ஆதிவாசிக் குடியைச் சேர்ந்த அம்மாவுக்குத் தன் பேச்சு தெரிந்த பெண் பக்கத்தில் நின்றால் பாதி பயம் போய்விடும். தோட்டத்து ஆயாவுக்கும் அப்படித்தானே? அந்தப் பேச்சு எந்த டியூட்டருக்கும் சொல்லித்தர வராது.

சிலருக்கு இந்த வேலை ஒத்துவராதுதான். விட்டுவிட்டுப் போவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பசி வயிற்றோடு நடுராத்திரியில் முடிவு செய்யாதே, லீவுக்கு வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசலாம் என்றேன். சரிக்கா என்றாள். அரை மனசுதான்.

நேற்று மதியம் மெசேஜ். "அக்கா, எங்க வார்டுல கெய்சர் ரிப்பேர். டவலை எப்படிச் சூடு பண்றது?"

ஃபிளாஸ்க் ஒன்று வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன்.