நாட்டியம் பார்க்கப் போய் தறியடியில் நின்ற கதை

திருவான்மியூரில் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கிருக்கும் நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ராவுக்குள் நாட்டியத்துக்கும் கச்சேரிக்கும் போனதோடு சரி. போன வாரம்தான் ஆரணியிலிருந்து வந்த சித்தியோடு பகல் நேரத்தில் போனேன்.

மரநிழல், தட்டுக்கழிச் சத்தம், 'தெய்யா தெய்', முழங்காலை மடக்கி அரைமண்டியில் வியர்த்து நிற்கும் பிள்ளைகள். எனக்கு அங்கேயே உட்காரலாம் போலிருந்தது. சித்திக்கு மனசு நிற்கவில்லை. "தறி எங்கடி இருக்கு?" என்றாள். அவள் பிறந்த வீட்டில் ஒரு காலத்தில் தறி ஓடியது.

அங்கே நெசவும் உண்டு. தறியைப் பார்த்ததும் எனக்குப் பாடம் நடந்தது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கே ஓடும் ஊடைநூலும் அப்படியே மாற வேண்டும். அதனால் அந்த நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று. உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நெசவாளி ஒருவர் கைக்கு இது அடங்காது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா போட வேண்டும். கோர்வைச் சேலைக்கு முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு கடையில் அரைமணி நேரம் வாதாடியவள் நான். சித்தியிடம் அதைச் சொல்லவில்லை.

துணியில் எழுதுகோலால் படம் தீட்டும் கலம்காரி இன்னும் விசித்திரம். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் கோடு கசியாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டால் கறுப்பு. சிவப்புக்கு முதலில் படிகார நீரால் தீட்டிவிட்டு அப்புறம் சாயத்தில் கொதிக்கவிடுகிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும்.

ருக்மிணி தேவி 1936இல் அடையாறில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். மறு வருடமே நெசவும் வந்துவிட்டது. மேடைக்கேற்ற சேலை வேண்டுமென்றால் தறி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துபோனது. அரங்கேற்ற அழைப்பிதழில் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ஒப்பனை, ஒளியமைப்பு வரை பெயர் போடுகிறோம். மேடையில் முதலில் கண்ணில் படுவது சேலை. அதை நெய்தவர் பெயரை எந்த அழைப்பிதழிலும் நான் பார்த்ததில்லை. மிருதங்கம் எப்படிப் பக்கவாத்தியமோ, தறியும் அப்படித்தான் என்பேன்.

தை மாதம் அக்கா மகளுக்கு அரங்கேற்றம். அழைப்பிதழில் நெய்தவர் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். "கடைக்காரனுக்கே தெரியுமாடி?" என்கிறாள் அக்கா. சித்தி அதற்குள் ஆரணிக்கு போன் போட்டுவிட்டாள்.