"அப்ப நீங்கள் ஆரோட, அம்மா, கதைச்சனீங்கள்?"

போன கிழமை ஒரு இரவு, இரண்டு மணி தாண்டியிருக்கும். தண்ணீர் குடிக்க எழும்பி வந்தால் குசினியில் வெளிச்சம். மகள் நிலத்தில் இருந்துகொண்டு கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தாள். ஓடிட் வேலை, இரவிரவாக முழித்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. அலுவலகக் கணக்காக்கும் என்று கிட்டப் போனேன். வீட்டுக் கணக்கு. வாடகையில் அவளுடைய பங்கு, பஸ் காசு, சோதனைக் கட்டணம், தம்பியின் ரியூஷன், அப்பா பட்ட கடனுக்கு மாதாமாதம் கட்டுவது. கடைசி வரியில் "அம்மா மருந்து 4,800". கூட்டுத்தொகை அவளுடைய சம்பளத்தைவிடப் பதினோராயிரம் அதிகம். மூன்று தரம் வெட்டி மூன்று தரம் கூட்டியிருந்தாள். மூன்று தரமும் அதே விடை.

என் வாயில் வந்தது இதுதான்: "இதுக்கே இப்பிடி முழிச்சிருக்கிறியோ? உன்ர வயசில நாங்கள் பட்ட பாட்டுக்கு..."

அவள் கோபப்படவில்லை. பேனையை மூடிவிட்டுக் கேட்டாள்: "அப்ப நீங்கள் ஆரோட, அம்மா, கதைச்சனீங்கள்?"

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். எங்கள் தலைமுறைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், யாருக்குக் கவலை கூட என்று ஓயாமல் நடக்கிற இந்த வழக்கில் நான் இவ்வளவு காலமும் பிழையான பக்கத்தில் நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுவதும் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடம் வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்கு வந்து சேர்ந்தோம். தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த 1996 யூலை மாதம் அது. ஒரு அறையில் பதினொரு பேர். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் பதிலுக்குக் காத்திருந்த இரண்டு பொடியன்கள், லண்டனில் இருக்கிற மகனின் அழைப்புக்காக நாளுக்கு இரண்டு தரம் கொமினிகேஷன் கடைக்குப் போய் வருகிற ஒரு கிழவர், முல்லைத்தீவு மாமி ஒருவர், நாங்கள். இரவு சோதனைக்கு வருகிறவர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்புவோம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் தலையணைக்குக் கீழே ஒரு பொலித்தீன் பையில் இருக்கும். சிலரை ஏற்றிக்கொண்டு போவார்கள். மிச்சப் பேர் விடியும்வரை கதைத்துக்கொண்டிருப்போம். மாமி மண்ணெண்ணெய் அடுப்பில் பிளேன்ரீ போட்டு, பனங்கட்டித் துண்டு ஒன்றை எல்லோருக்கும் கடித்துக் குடிக்கக் கொடுப்பார். அழுகிறவர் அழுவார். நித்திரை வந்தால் இருந்த இடத்திலேயே சாய்வோம்.

ஆரோட கதைச்சனான் என்று மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. பத்துப் பேரோடு. பத்துப் பேருக்கும் என்னுடைய பயம்தான் இருந்தது, அதனால் ஒன்றையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. 83 யூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளில் இருந்து உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். 2007 யூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே தடை போட்டது. அதற்குள் ஏற்றப்பட்டவர்கள் பட்ட அந்த ஒரு நாளை எந்த உத்தரவும் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்போது நாங்கள் லொட்ஜில் இல்லை, ஒரு அனெக்ஸுக்கு மாறியிருந்தோம். ஆனாலும் அன்று முழுக்க மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மடியில் வைத்திருந்தேன். அவளுக்கு ஏழு வயது.

ஆக, ஆபத்து எங்களுக்குத்தான் கூட. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கவலை? அது வேறு சாமான்.

ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். இரண்டாம் தரம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்க இருந்த நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. சண்டை, அவ்வளவுதான். எங்கே இருப்பது, என்ன படிப்பது, யாரைக் கட்டுவது எல்லாவற்றையும் அது தீர்மானித்தது. எது பிழைத்துப் போனாலும் குற்றம் சொல்ல எங்களுக்கு அது இருந்தது.

மகளுக்கு அப்படி ஒன்று இல்லை. அவள் 2019இல் ஏ.எல். எடுத்தவள். சோதனைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியில் தெரிகிற பிளாஸ்ரிக் பையில் புத்தகம் கொண்டு போனாள். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இசற்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. கணக்கியல் படிக்கத் தொடங்கினாள், கொரோனா. சோதனைகள் தள்ளிப்போய் ஒருவாறு வேலைக்குச் சேர்ந்தாள், 2022 நெருக்கடி. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் முன்னூற்று அறுபதுக்குப் போனது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் மெழுகுதிரியில் படித்தாள். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஏறுகிற வேகம்தான் இறங்கியது, ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது. அந்தக் கொப்பியில் இருந்தது அதுதான்.

இவ்வளவும் நடந்தும் அவள் சொல்கிற வசனம்: "நான் ஒழுங்காப் படிச்சிருந்தா இப்பிடி வந்திருக்காதம்மா." ஒரு நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்ததை, இருபத்தைந்து வயதுப் பிள்ளை தன்னுடைய பிழை என்று நினைக்கிறாள். எங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் வந்ததே இல்லை. அந்த ஒரு விசயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்தது, போவதா இருப்பதா என்ற கேள்வி. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்து போனார்கள். படிக்கப் போனவர்கள் வேறு. அவளுடைய வகுப்புக் கூட்டாளிகள் ஒன்பது பேரில் ஏழு பேர் இங்கே இல்லை. வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏழு தரம் போய் வந்திருக்கிறாள். எங்களை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, போகாமல் இருந்தால் பிறகு வருந்துவேனோ என்றும் பயம். போன கூட்டாளிகளின் படங்கள் கையில் இருக்கிற போனிலேயே வந்துகொண்டிருக்கின்றன. இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற மலையகப் பொடியன்களையும் நினைத்துக்கொள்கிறேன். கடைக்கு மேல்தட்டில் படுத்து, பதினெட்டு இருபது வயதில் ஹட்டனுக்கும் பதுளைக்கும் வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள். "எங்கட காலத்தில" என்று அவர்களிடம் தொடங்க யாருக்கு வாய் வரும்?

இதை எழுதுவது தெரிந்து என் அக்கா சொன்னா: "இவைக்குச் சாப்பாடு இருக்கு, உயிர்ப்பயம் இல்லை. பிறகென்ன?" அக்கா இரண்டு தரம் வீடு இழந்தவ, அவ சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த வசனம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பிள்ளை வாயை மூடுகிறது. நாங்கள் பட்டதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும், கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்கள் பேசத் தொடங்கும்போது குறுக்கே போடுகிற தடியாக அதைப் பாவிக்கக் கூடாது. வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகள் இதை வாசித்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அன்றிரவு நானும் நிலத்தில் இருந்தேன். லொட்ஜைப் பற்றிச் சொன்னேன். மாமியின் பனங்கட்டியைப் பற்றி அவளுக்கு இதுவரை தெரியாது. பிறகு கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அந்த 4,800 என்னுடைய பிரஷர் குளிசை. முந்தி அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சும்மாதான் தந்தார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கச் சொன்னார்கள், அதோடு நான் கிளினிக்குக்குப் போவதை விட்டுவிட்டேன். இப்போது திரும்பவும் கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்லிக் கனகாலம். வரிசையில் நிற்கப் பஞ்சியில் நான்தான் போகவில்லை. அது மகளின் கணக்கில் ஒரு வரியாக நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. குளிசை அங்கே சும்மா கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

"ஏனம்மா சொல்லேல்லை?" என்றாள்.

"நீ கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

வரியை வெட்டினாள். இன்னும் ஆறாயிரத்து இருநூறு இடித்தது. தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்து, மற்ற வரிகளை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.